மெசபடோமியாவுக்குப் போன கொள்ளுத்தாத்தா

எங்க ஊர் வேலூர் பக்கம். கம்மவான்பேட்டையைத் தெரிஞ்சிருக்கும், மிலிட்டரிப்பேட்டைன்னே பேர் வாங்கின ஊர். எங்க ஊர் அந்த அளவுக்கு இல்ல. ஆனா எங்க வீட்டுல தலைமுறைக்கு ஒருத்தர் பட்டாளத்துக்குப் போறது வழக்கம். பெரியப்பா 71 சண்டை பார்த்தவர். அண்ணன் இப்போ பெங்களூரு எம்.இ.ஜி.ங்கிற பட்டாள இன்ஜினியர் பிரிவுல இருக்கார். சொல்ல வந்தது கொள்ளுத்தாத்தாவைப் பத்தி.

முதல் உலகப் போர்ல, பாலம் பாதை போடுற பட்டாளப் பிரிவான மதராஸ் சாப்பர்ஸோட மெசபடோமியா (இப்போ ஈராக்) போனவர், திரும்பல. 1917 பிப்ரவரியில, துருக்கிக்காரன் சுட்டுக்கிட்டே இருக்க, டைகிரிஸ் ஆத்தைப் படகுல கடந்தாங்க. துடுப்புப் போட்டதுல மதராஸ் சாப்பர்ஸும் உண்டு. எங்க வீட்டுக் கதைப்படி இவரும் அதுல இருந்தார்.

செத்த தேதி தெரியாது. அதனால மகாளய அமாவாசை அன்னைக்குத்தான் படையல். வடை, பாயசத்தோட ஒரு பெரிய சொம்புல தண்ணி தனியா இருக்கும். "தாகத்தோட போயிருப்பாரு"ன்னு கொள்ளுப்பாட்டி ஆரம்பிச்சு வச்சது. பெரியப்பா ரிட்டயர் ஆனதுல இருந்து கேன்டீன் ரம்மும் சேர்ந்துடுச்சு. கொள்ளுத்தாத்தா குடிப்பாரான்னு யாருக்கும் தெரியாது. மறுநாள் பாட்டில் காலியாயிடும், அது தெரியும்.

போட்டோ கிடையாது. ஒரு வெள்ளி மெடல் வந்திருக்கு. அந்த மெடல் விளிம்புல நம்பர், பேர், ரெஜிமென்ட் எல்லாம் பொறிச்சிருப்பாங்க. கொள்ளுப்பாட்டி அதை அழிச்சு மகளுக்குக் கொலுசு பண்ணிட்டாங்க. அந்த அத்தைப்பாட்டி சாகிறவரைக்கும் "எங்கப்பா போட்ட கொலுசு"ன்னுதான் சொல்லுவாங்க.

வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல ஒரு கல்வெட்டு இருக்கு. இந்த ஊர்லேருந்து 277 பேர் போருக்குப் போனாங்க, 14 பேர் உயிரைக் கொடுத்தாங்கன்னு இங்கிலீஷ்ல. ஒரு பேர்கூட இல்ல. அந்தச் சண்டையில செத்தவங்களுக்காக ஈராக்ல இருக்கிற பாஸ்ரா நினைவுச் சின்னத்துல வெள்ளைக்கார சிப்பாய்க்குப் பேர் போட்டிருக்கான். நம்ம ஆளுங்கள்ல அதிகாரிக்கு மட்டும்தான் பேர், சாதாரண சிப்பாய்க்கெல்லாம் எண்ணிக்கைதான். படிச்சதும் எனக்கு ரத்தம் கொதிச்சுது. பெரியப்பாகிட்ட போய்க் கத்தினேன். அவர் பேப்பர்லேருந்து தலையைத் தூக்காம, "கல்லுல இல்லாட்டி என்னடா, உன் ஆதார் கார்டுல இருக்கே"ன்னார். எனக்கு வச்சிருக்கிறது அவர் பேர்தான்.

—

அண்ணா, உங்க பதிவைப் படிச்சேன். எங்க குடும்பத்துல யாரும் பட்டாளம் இல்ல. வீடு நந்தம்பாக்கம் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கம். இரண்டாம் உலகப் போர்ல செத்தவங்களுக்கு 856 கல்லறை, புல்வெளி அவ்வளவு சுத்தமா இருக்கும். அங்க போயிட்டு வந்துதான் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட இணையதளத்தைப் பார்த்தேன். பேர் போட்டு யார் வேணாலும் தேடலாம். கல்லுல பேர் இல்லாத சிப்பாய்க்கும் அதுல பதிவு இருக்கு, தேதியோட. சிலதுல அப்பா பேர், ஊர், தாலுக்காகூட இருக்கும். இங்கிலீஷ்ல நம்ம பேரைக் கன்னாபின்னான்னு எழுதியிருப்பான், நாலஞ்சு விதமா அடிச்சுப் பாருங்க.

—

தேடிட்டோம் தம்பி. ஒரே பேர்ல ஏகப்பட்ட பேர். ஒருத்தர் மட்டும் அப்பா பேர் வரைக்கும் ஒத்து வர்றார், தேதியும் இருக்கு. இனிமே அந்தத் தேதியில திதி கொடுக்கலாமான்னு கேட்டேன். பெரியப்பா முடியவே முடியாதுங்கறார். அமாவாசைன்னா சொந்தக்காரங்க எல்லாம் லீவு போட்டுட்டு வந்துடுவாங்களாம்.