மறு: மோட்டோகிராஸ் கலைச்சொற்கள் – ‘அமிழ்வு’, ‘தொய்வு’ இரண்டில் எது?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> எஞ்சினுக்குச் செலவழிப்பதா, சஸ்பென்ஷனுக்கா என்று எழுதப் புகுமுன் ‘சஸ்பென்ஷன்’ என்பதற்கு நல்ல தமிழ்ச்சொல் ஒன்று முடிவாக வேண்டும்.

மோட்டோகிராஸ் (மேடுபள்ளமான மண் தடத்தில் நடக்கும் மோட்டார்சைக்கிள் பந்தயம்) பற்றி நம் குழு எழுதவிருக்கும் கட்டுரைக்காக நண்பர் ஒருவர் எழுதிய வரி இது. எனக்கு இதில் உடன்பாடில்லை. சக்கரம் வாங்கும் அடியை வண்டிக்கு வராமல் தாங்கும் சுருள்வில்லும் ஷாக்கும் சேர்ந்த அமைப்புதான் சஸ்பென்ஷன்; அந்தச் சொல் அப்படியே இருக்கட்டும். வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் புரிகிற சொல் அது. ‘இடைநீக்கம்’ வேலையிலிருந்து நிறுத்திவைப்பதற்கு உரியது; ‘தொங்கல்’ என்றால் என்ன தொங்குகிறது என்று கேட்பார்கள். நமக்கு அவசரமாகத் தமிழ் வேண்டியது அதற்குள் இருக்கும் நுட்பங்களுக்கு. இப்போது எல்லாவற்றையும் ‘ஷாக் டைட்’, ‘ஷாக் லூஸ்’ என்ற இரண்டுக்குள் அடக்கிவிடுகிறோம். அதனாலேயே பலர் டைட் வைத்துப் பார்த்துவிட்டு, சஸ்பென்ஷன் வேலை முடிந்தது என்று எஞ்சின் பக்கம் போய்விடுகிறார்கள்.

மோட்டோகிராஸில் சஸ்பென்ஷன் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1973ஆம் ஆண்டே சான்று. பெல்ஜியத்தைச் சேர்ந்த லூசியன் டில்கென்ஸ் வகுத்த ஒற்றை ஷாக் அமைப்பை யமஹா வாங்கித் தன் பந்தய வண்டியில் பொருத்தியது. அந்த ஆண்டு 250 சிசி உலகப் பட்டத்தை ஹோகன் ஆண்டர்சன் அந்த வண்டியில் வென்றார். அதன்பின் சில ஆண்டுகளுக்குள் எல்லாத் தயாரிப்பாளர்களும் சக்கரம் ஏறி இறங்கும் தூரத்தைக் கூட்டுவதில் இறங்கிவிட்டார்கள். சக்கரம் தரையை விட்டு எகிறிக்கொண்டிருந்தால் எஞ்சின் தரும் விசை மண்ணில் போய்ச் சேராது. வளைவுக்கு முன்னால் பிரேக் போடும் இடத்தில் வரிவரியாய்ப் பள்ளம் விழுந்திருக்குமே, அங்கே வண்டி உதைத்தால் யாராக இருந்தாலும் ஆக்சிலேட்டரை முன்கூட்டியே விட்டுவிடுவார்கள். இன்றைய 450 சிசி வண்டி 50 குதிரைத்திறனுக்கு மேல் தருகிறது. அதையே முழுசாகத் திறக்க முடியாதவருக்கு இன்னும் மூன்று குதிரைத்திறன் எதற்கு?

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

முதலில் ‘சாக்’ (sag), அதாவது எடையால் சஸ்பென்ஷன் அமுங்கி வண்டி கீழிறங்கும் அளவு. தமிழில் எழுதினால் இதையும் ‘ஷாக்’கையும் கண் பிரித்தறியாது, அதனாலேயே இதற்குத் தமிழ்ச்சொல் கட்டாயம். ‘தொய்வு’ என்று ஒரு நண்பர் முன்வைத்தார். கொடி தொய்கிறது, கயிறு தொய்கிறது என்ற வழக்கைப் பார்த்தால் அழகான சொல்தான். ஆனால் செயின் தொய்வு என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதையும் மில்லிமீட்டரில்தான் அளக்கிறோம், அதுவும் பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே. ஒரே பக்கத்தில் இரண்டு தொய்வு வந்தால் பழகுநர் எதை அளப்பார்? ஆகவே என் வாக்கு ‘அமிழ்வு’க்கு. தண்ணீரில் மூழ்குவதுதானே அமிழ்தல் என்ற மறுப்புக்கு என் பதில்: மெத்தையில் உட்கார்ந்தால் அமிழ்கிறது என்றும் சொல்கிறோமே, இங்கே நடப்பதும் அதுதான்.

இதிலிருந்து இரண்டு சொற்கள் பிறக்கின்றன. வண்டி தன் எடையால் மட்டும் இறங்குவது தன்னமிழ்வு. ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு ஓட்டுபவர் ஏறியபின் இறங்கும் மொத்த அளவு ஆளமிழ்வு. ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைத் தொங்கவிட்டு, அச்சிலிருந்து நேர்மேலே மட்கார்டில் குறித்த புள்ளிவரை ஒருமுறை அளக்க வேண்டும். கீழே இறக்கி நிறுத்தி ஒருமுறை, ஆள் ஏறியபின் ஒருமுறை. முதல் அளவிலிருந்து மற்ற இரண்டையும் கழித்தால் இரண்டு அமிழ்வும் கிடைத்துவிடும். பின்சக்கரம் சுமார் 300 மி.மீ. ஏறி இறங்கும் முழு அளவு வண்டியில் ஆளமிழ்வு 100 முதல் 105 மி.மீ. வரையும், தன்னமிழ்வு 30 முதல் 40 மி.மீ. வரையும் வைப்பது வழக்கம். கையேட்டுக்குக் கையேடு கொஞ்சம் மாறும்.

சொல் இரண்டு வேண்டும் என்று நான் நிற்பதற்குக் காரணம் உண்டு. ஆளமிழ்வைச் சரியாக வைத்தபின்னும் தன்னமிழ்வு மிகக் குறைவாக இருந்தால், அந்தச் சுருள்வில் ஓட்டுபவரின் எடைக்கு மெலிது. தன்னமிழ்வு மிக அதிகமானால் வில் அவருக்குக் கடிது. கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். மெலிந்த வில்லில் ஆளமிழ்வைக் கொண்டுவர, வில்லை அமுக்கிப் பிடிக்கும் வளையத்தை மிகவும் இறுக்கவேண்டி வருகிறது. அப்படி இறுக்கிய வில்லை வண்டியின் எடை மட்டும் அமுக்கிவிடாது. இது புரிந்தால், முதல் செலவு தன் எடைக்கேற்ற சுருள்வில்தான் என்று அவரவரே முடிவு செய்துவிடுவார்.

அடுத்தது ‘ப்ரீலோட்’. ‘முன்னிறுக்கம்’ வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சொல் கேட்டதும் வில் கெட்டியாகிவிட்டது என்றே தோன்றும். வளையத்தைத் திருகினால் வில்லின் விறைப்பு மாறுவதில்லை. பள்ளிப் பாடத்தில் படித்த சுருள்வில் மாறிலி அப்படியேதான் இருக்கிறது. வில்லை முன்கூட்டியே கொஞ்சம் அமுக்கி வைக்கிறோம், அவ்வளவே. ‘முன்னமுக்கம்’ நடப்பதை நடந்தபடி சொல்கிறது.

அடுத்து, ஷாக்கின் வேகத்தை மட்டுப்படுத்தும் ‘டேம்பிங்’, அதாவது தணிப்பு. அதற்கு இரண்டு சொல். ஷாக் உள்ளே போகும்போது எண்ணெய் தடுப்பது அமுங்குதணிப்பு. திரும்பி வரும்போது தடுப்பது எழும்புதணிப்பு. ‘மீட்சித் தணிப்பு’ என்பதை நான் ஏற்காததற்குக் காரணம், மீட்சிப் பண்பு என்று இயற்பியலில் வேறொன்று ஏற்கெனவே இருப்பது. எழும்புதணிப்பு போதாமல் போனால் குதித்து இறங்கியதும் பின்பக்கம் தூக்கியடிக்கும். மிஞ்சினால், அடுத்தடுத்த மேடுகளில் எழும்ப நேரமில்லாமல் ஷாக் படிப்படியாக உள்ளேயே தங்கிவிடும். இரண்டையும் ‘ஷாக் சரியில்லை’ என்றே சொல்லிவந்தால் தணிப்பை மாற்றும் திருகைக் கூட்டுவதா குறைப்பதா என்று எப்படித் தெரியும்?

ஷாக் முழுவதும் அமுங்கி முட்டிக்கொள்ளும் ‘பாட்டமிங்’ பற்றிப் பேசவே வேண்டாம். ‘அடி தட்டுது’ என்று வழக்கில் இருப்பதை ‘அடிதட்டல்’ என்று எடுத்துக்கொள்வோம்.

எஞ்சினுக்கு முதலிடம் தரவேண்டிய நேரமும் கட்டுரையில் வரட்டும். பிஸ்டன் ரிங் தேய்ந்து அழுத்தம் குறைந்த எஞ்சினைச் சரிசெய்யாமல் ஷாக்குக்குச் செலவழிப்பது வீண். கனத்த உடம்புக்காரர் 125 சிசி வண்டியில் ஆழமான மணலில் ஓட்டினால் விசை உண்மையிலேயே போதாது. அப்போதும் முதலில் பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரத்தில்) ஒன்றிரண்டு பல் கூட்டிப் பார்க்கலாம். சிலிண்டரைப் பெரிதாக்கினால் பந்தயப் பிரிவின் கொள்ளளவு வரம்பைத் தாண்டிவிடும் என்பதையும், அழுத்தம் கூட்டிய பிஸ்டனை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றவேண்டி வரும் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள்.

எண்ணெய் ஓட்டத்தை மட்டுப்படுத்த ஷாக்குக்குள் அடுக்கியிருக்கும் மெல்லிய வட்டத் தகடுகளுக்குத்தான் இன்னும் சொல் அமையவில்லை. ‘தகட்டடுக்கு’ என்று நான் எழுதிவருகிறேன். ஆனால் கிளட்சுக்குள் இருப்பதும் தகடுகளின் அடுக்குதான். ‘தணிப்புத் தகடுகள்’ என்றால் நீளுகிறதா? ஷாக் பிரித்துக் கட்டுபவர்கள் யாராவது குழுவில் இருந்தால் சொல்லுங்கள்.

அன்புடன்