பாசியில் மருந்து ஏற்றி நுரையீரலுக்குள் விடுவது மனிதருக்கு ஒத்துவருமா?

நுண்ணோக்கி:
சான் டியாகோ கலிபோர்னியா பல்கலைக்கழகம் 2022-இல் வெளியிட்ட எலிச் சோதனையை வைத்துச் சொல்கிறேன், ஒத்துவரும். கிளாமிடோமோனாஸ் என்ற ஒருசெல் பச்சைப்பாசி சாட்டை போன்ற வாலான கசையிழையை அடித்து நீந்தும். அதன் மேல் ஆன்டிபயாட்டிக் நிரப்பி, வெள்ளையணுச் சவ்வு போர்த்திய நானோ துகள்களை ஒட்டி, சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவால் நிமோனியா வந்த எலிகளின் மூச்சுக்குழாய் வழியே விட்டார்கள். சிகிச்சை பெற்ற எல்லா எலிகளும் 30 நாளைத் தாண்டின. பெறாதவை 3 நாளுக்குள் இறந்தன. ரத்தத்தில் ஏற்றினால் 1.644 மில்லிகிராம் தேவைப்பட்ட மருந்து, இங்கே வெறும் 500 நானோகிராம்!

கரிசல்காரன்:
அந்த மூவாயிரம் மடங்கு வித்தியாசம் பாசியால் வந்ததா, போன வழியால் வந்ததா? நேராக நுரையீரலுக்குள் போனால் மருந்து குறைவாகத்தான் தேவைப்படும். டோப்ராமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை நெபுலைசரில் ஆவியாக்கிக் கொடுப்பது ஏற்கெனவே நடக்கிறதே.

இன்னொன்று, எலியில் பலித்தது மனிதரிடம் பலிக்கும் என்றில்லை. ஜீன்களை நீக்கி வீரியம் குறைத்த விஎன்பி20009 என்ற சால்மோனெல்லா பாக்டீரியா, எலிகளில் புற்றுக்கட்டியைத் தேடிப்போய்க் குடியேறியது. அதையே 25 புற்றுநோயாளிகளுக்கு ஏற்றி, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். ஒருவருக்குக்கூடக் கட்டி சுருங்கவில்லை.

இரவுப்பணி:
நான் ஐசியூ நர்ஸ். வென்டிலேட்டரில் இருப்பவருக்குச் சூடோமோனாஸ் வந்து, வேறெந்த மருந்துக்கும் மசியாமல், கிட்னியைக் கெடுக்கக்கூடிய கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக்கைத் தொடங்கினால், அப்புறம் எங்கள் கண்ணெல்லாம் யூரின் பையிலும், கிட்னி நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டிலும்தான். நெஞ்சு தேறி வரும்போது சிலருக்குக் கிட்னி போய்விடும். டயாலிசிஸ் மெஷினைத் தள்ளிக்கொண்டு வருகையில் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது? நுரையீரலுக்கான மருந்து நுரையீரலோடு நிற்குமென்றால் முயன்றே ஆகவேண்டும். கரிசல் சார், நெபுலைசரும் வைத்துப் பார்க்கிறோம். அடைத்துக் கிடக்கும் பகுதிக்குக் காற்றே போகாதபோது மருந்து எப்படிப் போகும்?

நுண்ணோக்கி:
அதேதான். பாசி நொடிக்கு 110 மைக்ரோமீட்டருக்கு மேல் நீந்தும். நுரையீரலின் ஆழம்வரை பரவி, இரண்டு நாளுக்கு மேல் தங்கியது. சால்மோனெல்லா கதை வேறு. அதை ரத்தத்தில் விட்டார்கள், கட்டியைத் தானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கரிசல்காரன்:
சரி, அந்த வித்தியாசம் நியாயம். ஆனால் அந்த 110, ஆய்வகத்தில் கலக்கிய செயற்கை நுரையீரல் திரவத்தில் அளந்தது. சிஸ்டர் சொல்லும் நோயாளிக்கு இருப்பது குழாய் போட்டு உறிஞ்சினாலும் வராத கெட்டிச் சளி. அதில் கசையிழை அடிக்குமா? ஏற்கெனவே மூச்சுத் திணறும் நுரையீரலுக்குள் பாசித் திரவத்தையும் விட்டால் ஆக்சிஜன் எவ்வளவு இறங்கும்? முதலில் பன்றி போன்ற பெரிய விலங்குக்கு வென்டிலேட்டர் மாட்டி, நெபுலைசர் மருந்தோடு ஒப்பிட்டுக் காட்டட்டும்.

இரவுப்பணி:
காட்டட்டும் சார். ஆனால் அந்தச் சோதனைக்குப் பணம் ஒதுக்கவே கூடாது என்பதுபோல் பேசாதீர்கள். கொலிஸ்டினும் கேட்காத கிருமி இப்போதே வார்டுக்குள் வருகிறது.