பால்ஸ்ருட் பிழைத்தது தன் மனவுறுதியாலா, ஊர்க்காரர்களாலா?

பாளை வாசகி:
எங்கள் வாசகர் வட்டத்தில் போன ஞாயிறு, யான் பால்ஸ்ருட் (Jan Baalsrud) என்ற நார்வே நாட்டுப் போர்வீரனைப் பற்றிப் பேசினேன். பேச்சு பாதியில் நின்றுபோனதால் இங்கே தொடர்கிறேன். தெரியாதவர்களுக்காகச் சுருக்கம்.

இரண்டாம் உலகப்போரில் நார்வேயை ஜெர்மனி பிடித்து வைத்திருந்த காலம். 1943 மார்ச்சில் பிரிட்டனின் ஷெட்லாந்து தீவிலிருந்து பிராட்ஹோல்ம் என்ற மீன்பிடிப் படகில் 12 நார்வேக்காரர்கள் வெடிமருந்தோடு வட நார்வேக்குப் போகிறார்கள். ஜெர்மன் விமானத்தளத்தில் நாசவேலை செய்வது திட்டம். உள்ளூரில் தேடிப் போன ஆள் செத்துப்போயிருக்கிறார். அதே பெயரில் இப்போது கடை நடத்துகிறவர் வேறு ஆள். ஜெர்மானியர்தான் தன்னைச் சோதிக்க ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று பயந்து அவர் தகவல் கொடுத்துவிடுகிறார். ஜெர்மன் கப்பல் வருகிறது, படகை இவர்களே வெடிவைத்துத் தகர்க்கிறார்கள். 12 பேரில் 11 பேர் மாண்டார்கள். பால்ஸ்ருட் மட்டும் பனிநீரில் நீந்திக் கரையேறி, துரத்தி வந்த அதிகாரியைச் சுட்டுவிட்டு மலையேறி ஓடினான். ஒரு காலில் பூட்ஸ் இல்லை, அந்தக் கால் பெருவிரலைக் குண்டு சிதைத்திருந்தது. அப்போது அவனுக்கு வயது 25.

பிறகு இரண்டு மாதம். பனிச்சரிவில் அடிபட்டான், கண் தெரியாமல் அலைந்தான், அழுகிய கால்விரல்களைத் தன் கத்தியாலேயே வெட்டினான், மலைமேல் பனிக்குழியில் ஏறத்தாழ நான்கு வாரம் கிடந்தான். ஜூன் 1 அன்று ஸ்வீடன் மண்ணைத் தொட்டான். தனியொருவனின் மனவுறுதிக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

அம்பை பலசரக்கு:
அக்கா, நீங்க சொன்னதுல "தனியொருவன்"ங்கறது எனக்கு ஒத்துவரல. அவன் எத்தனை நாள் தனியா இருந்தான்? ஓடுன ராத்திரிலருந்து யார் யாரோ சோறு போட்டிருக்காவ, துணி குடுத்திருக்காவ, தோணில ஏத்தி அக்கரை சேத்திருக்காவ. கதையில அவன் பேரு மட்டும் நிக்கி. அவங்க "சிலர் உதவினர்"ன்னு ஒத்த வரில போயிடுதாவ.

வல்லநாட்டு ஹவில்தார்:
அண்ணாச்சி, உதவுனாவ, நான் இல்லேங்கல. ஆனா குளிர்ன்னா என்னன்னு இங்க இருந்துக்கிட்டுச் சொல்லிப் புரியாது. நம்ம ஊர்ல மார்கழி விடியக்காலம் மாஞ்சோலை ஏறிப் பல்லு நடுங்கினா அதத்தான் குளிர்ங்கோம். நான் சியாச்சின்ல ஒரு பருவம் இருந்தவன். கையுறை இல்லாம துப்பாக்கியத் தொட்டா தோல் அப்படியே ஒட்டிக்கிடும். ஸ்டவ்வப் பத்தவச்சு பனிய உருக்குனாத்தான் குடிக்கத் தண்ணி. சாக்ஸ் நனைஞ்சா அத மாத்துறதுக்குள்ள விரல் மரத்துப்போவும். எங்களுக்குக் கூடாரம், மண்ணெண்ணெய், ரேடியோ, டாக்டர், ஹெலிகாப்டர் எல்லாம் இருந்தும் சில பேரு புத்தி பேதலிச்ச மாதிரி ஆயிட்டாங்க. யாருக்கும் பேசப் பிடிக்காது. சாப்பாட்டப் பாத்தாலே வெறுப்பு.

இவன் நனைஞ்ச துணியோட, ஒத்தக் கால்ல பூட்ஸ் இல்லாம பனியில நடந்திருக்கான். அங்க லிங்கென்ங்கற மலையில பனிச்சரிவு தூக்கி அடிச்ச பிறகு நாலஞ்சு நாள் புயலுக்குள்ள யாருமே இல்ல. அந்த நாலு நாள் எந்த ஊர்க்காரன் தூக்குனான்? உக்காந்தா செத்தான். உக்காரல. நான் பேசுறது அந்த நாலு நாளப் பத்தி.

சேரன்மாதேவி மாணவன்:
கண் தெரியாமல் போனது எப்படி? அடிபட்டதாலா?

தென்காசி செவிலி:
இல்லை தம்பி. பனிக்குருடு. வெள்ளைப் பனி சூரியனின் புறஊதாக் கதிரை 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். வெல்டிங் வேலையைக் கண்ணாடி இல்லாமல் பார்த்தவர்கள் ராத்திரி கண்ணில் மணல் கொட்டிய மாதிரி துடித்துக்கொண்டு வருவார்களே, அதே புண்தான். இருட்டில் கண்ணை மூடி ஓய்வெடுத்தால் இரண்டு மூன்று நாளில் ஆறிவிடும். அவனுக்கு அந்த ஓய்வு இல்லை.

கால் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், அதைப் பலரும் வீரக்கதையாக மட்டும் சொல்கிறார்கள். குளிரில் உடம்பு முதலில் நெஞ்சையும் மூளையையும் காப்பாற்றப் பார்க்கும். கை கால் விரல்களுக்குப் போகும் ரத்தக்குழாயைச் சுருக்கிவிடும். அந்தச் சதை உறையும், பிறகு செத்துக் கறுக்கும். செத்த பகுதி காய்ந்து கிடந்தால் கொஞ்ச நாள் தாங்கலாம். ஈரமாகிச் சீழ் பிடித்தால் விஷம் ரத்தத்தில் கலந்து ஆளையே கொன்றுவிடும். எங்கள் வார்டில் வாரம் தவறாமல் விரல் எடுக்கிறோம். இங்கே பனி கிடையாது, சர்க்கரை. கறுத்த விரலைக் காட்டி "எடுக்கணும்" என்று சொன்னால், நாலு நாள் யோசித்துவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனவர்கள் முழங்காலுக்குக் கீழே இழந்து திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். மயக்க மருந்தும் மருத்துவரும் பக்கத்தில் இருந்தும் மனசு வராது.

அவன் பேனாக்கத்தி அளவிலான கத்தியை வைத்துத் தானே முடிவெடுத்தான், தானே வெட்டினான். ஒன்பது விரல். காலை இழக்காமல் பிழைத்தது அதனால்தான். இதில் நான் ஹவில்தார் சார் பக்கம்.

அம்பை பலசரக்கு:
சரிம்மா, வெட்டுனான். அப்புறம்? விரல் இல்லாத கால வச்சிக்கிட்டு ஸ்வீடனுக்கு நடந்தா போனான்?

பாளை வாசகி:
இல்லை. அங்கே அண்ணாச்சி சொல்வது சரி. ஃபுருஃப்ளாட்டன் என்ற ஊரில் ஒரு வீட்டுக்குள் போய் விழுந்தான். அந்த வீட்டார் தொழுவத்துப் பரணில் ஒளித்து வைத்தார்கள். பிறகு ஃபியோர்டுக்கு (மலைகளுக்கு நடுவே புகுந்த கடல்) அக்கரை கொண்டுபோய் ரெவ்டால் என்ற இடத்தில் ஒரு சின்னக் குடிசையில் விட்டார்கள். அங்கிருந்து நான்கு பேர் அவனை ஸ்லெட்ஜ் என்ற பனிச்சறுக்கு வண்டியில் கட்டி, கிட்டத்தட்ட 900 மீட்டர் செங்குத்து மலையில் ராத்திரியோடு ராத்திரியாக இழுத்து ஏற்றினார்கள். மேலே மான்டாலன் ஊர்க்காரர்கள் வந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. புயலில் அவர்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படித்தான் பனிக்குழியில் கிடந்தான். கடைசியில் கலைமான் மேய்க்கும் சாமி (Sámi) என்ற பழங்குடியினர் மான் பூட்டிய வண்டியில் ஃபின்லாந்து வழியாக ஸ்வீடனுக்குக் கொண்டு சேர்த்தார்கள்.

சேரன்மாதேவி மாணவன்:
பனிக்குழியில் கிடந்தால் உறைந்து சாகமாட்டார்களா?

வல்லநாட்டு ஹவில்தார்:
வெளிய கிடந்தாத்தான் தம்பி சாவு. பனிக்குள்ள காத்து அடைஞ்சு கிடக்கும், பஞ்சு மெத்தை மாதிரி. வெளிய மைனஸ் இருபதுன்னாலும் உள்ள பூஜ்யத்த ஒட்டித்தான் இருக்கும். கொல்லுறது காத்தும் ஈரமும். ஆனா மூச்சு விட ஓட்டை இருக்கணும். புயல் அந்த ஓட்டைய மூடிக்கிட்டே இருக்கும், உள்ள கிடக்கறவன் தொறந்துக்கிட்டே இருக்கணும். எந்திரிக்க முடியாத மனுசன் வாரக்கணக்கா அதச் செஞ்சிருக்கான். அதையும் ஊர்க்காரன் கணக்குல எழுதிடாதீங்க அண்ணாச்சி.

கயத்தாறு தமிழாசிரியர்:
நல்ல விவாதம். ஒரு பழைய செய்தியைச் சொல்ல அனுமதி வேண்டும். நம் சீமையிலேயே இதற்கு ஒரு சோடி உண்டு.

1801 பிப்ரவரி 2 அன்று ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மறுபடி எழுப்பிக் கும்பினிப் படையோடு மோதினார். மே 24இல் கோட்டை விழுந்தது. தப்பியோடும்போது காயம்பட்டுப் பிணங்களுக்கு நடுவே கிடந்தார். அப்போது கும்பினிப் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்பில் நடந்ததை எழுதியிருக்கிறார். களத்தில் தன் மகனைத் தேடி ஒரு தாய் வருகிறாள். உயிர் போகிற நிலையில் மகனைக் காண்கிறாள். அவனோ, என்னை விடு, சாமியைக் காப்பாற்று என்கிறான். சாமி என்று அவர்கள் சொன்னது ஊமைத்துரையை. பெண்கள் அவரைத் தூக்கி வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கும்பினி பக்கம் இருந்த எட்டயபுரத்து ஆட்கள் தேடி வந்தபோது துணியைப் போர்த்தி, ஒப்பாரி வைத்து, பெரியம்மையில் செத்துப்போனான் என்றார்கள். வந்தவர்கள் துணியை விலக்கிக்கூடப் பார்க்காமல் ஓடினார்கள்.

ஊமைத்துரை பிறகு மருது சகோதரர்களோடு சேர்ந்து போரிட்டார், பிடிபட்டு அந்த நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். அவருக்கு ஆறு மாத ஆயுளைக் கொடுத்தவர்கள் அந்தப் பெண்கள். அவருடைய வீரத்தை நான் ஒரு மாற்றுக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் அவர் அசையாமல் கிடந்தார், அவ்வளவுதான். வேலை செய்தது ஒப்பாரி.

அம்பை பலசரக்கு:
இதத்தான் அய்யா நானும் சொல்லுதேன்.

வல்லநாட்டு ஹவில்தார்:
அய்யா, நீங்க சொல்லுறதுலயே பதில் இருக்கு. அந்தப் பொம்பளைங்க ஏன் தூக்குனாவ? அவர் அவ்வளவு நாள் நின்ன நிலைக்காகத்தானே? தூக்கத் தகுந்த ஆளா இருந்தாத்தான் தூக்குவாங்க.

தென்காசி செவிலி:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை சார். ஊமைத்துரையை அவர்களுக்குத் தெரியும், தெய்வமாக நினைத்தார்கள். பால்ஸ்ருடை அந்த ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. அவன் வீரனா, உளவாளியா, ஜெர்மானியர் அனுப்பிய பொறியா என்று எப்படித் தெரியும்? உறைந்த தாடியோடு ஒருவன் வாசலில் வந்து விழுகிறான். தகுதி பார்த்து யாரும் கதவைத் திறக்கவில்லை.

பாளை வாசகி:
அந்தக் கதவைத் திறப்பதற்கு என்ன விலை என்பதையும் சொல்ல வேண்டும். 1942 ஏப்ரலில், அதாவது ஒரு வருடத்துக்கு முன், மேற்கு நார்வேயில் டெலவோக் என்ற மீனவக் கிராமத்தில் இரண்டு எதிர்ப்புப் படையினரை ஒளித்து வைத்திருந்தார்கள். பிடிக்க வந்த கெஸ்டாபோ (ஜெர்மன் ரகசியப் போலீஸ்) அதிகாரிகள் இருவர் சண்டையில் இறந்தார்கள். பதிலுக்கு ஜெர்மானியர் ஊர் முழுவதையும் தரைமட்டமாக்கினார்கள், படகுகளை மூழ்கடித்தார்கள், ஆண்களைச் சாக்சன்ஹௌசன் வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். 31 பேர் அங்கேயே செத்தார்கள். ஃபுருஃப்ளாட்டன்காரர்கள் தாங்கள் எதைச் செய்கிறோம் என்று தெரிந்தேதான் செய்தார்கள்.

சேரன்மாதேவி மாணவன்:
அப்படியானால் நான் கேட்பது வேறு. அவன் சரணடைந்திருக்கலாமே? ஒரு உயிருக்காகப் பல ஊரை ஆபத்தில் வைக்க அவனுக்கு என்ன உரிமை?

வல்லநாட்டு ஹவில்தார்:
சரணடைஞ்சா? அவன்கூட வந்தவங்கள என்ன செஞ்சாங்கன்னு பாரு தம்பி. பிடிபட்டவங்களச் சித்திரவதை பண்ணி, டிரோம்சோ நகரத்துப் பக்கத்துல சுட்டுக் குழிக்குள்ள போட்டாங்க. அடிதாங்காம யாராவது ஒரு பேரச் சொன்னா அந்தப் பேரோட போகாது. முதல் நாள் சோறு போட்ட வீட்டுலருந்து வரிசையா எல்லாரும் போவாங்க. அவன் ஓடிட்டே இருந்ததே உதவுனவங்களுக்கும் காவல்தான்.

அம்பை பலசரக்கு:
தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஹவில்தார் சொன்ன பதிலும் சரிதான். ஆனா எனக்கு மனசு உறுத்துறது அந்தக் கடைக்காரரு. எல்லாரும் அவர துரோகிங்காவ. நான் முப்பது வருசமா கடையில உக்காந்திருக்கேன். ராத்திரி கடை அடைக்கிற நேரம் முன்னப்பின்ன தெரியாதவன் வந்து நிக்கான். நான் உங்க ஆளு, வெடிமருந்தோட வந்திருக்கேன்ங்கான். வீட்டுக்குள்ள பிள்ளைங்க தூங்குது. அவன் சோதிக்க வந்தவனா இருந்தா விடியுறதுக்குள்ள நாம இல்ல. பயப்படாம என்ன செய்ய? அவரு செஞ்சதுல 11 உசுரு போச்சு, அதச் சரின்னு சொல்ல என் வாய் வராது. ஆனா அந்த எடத்துல நான் இருந்தா என்ன செஞ்சிருப்பேன்னு நேத்துலருந்து யோசிக்கேன். பதில் தெரியல.

அதனாலதான் மத்தவங்களப் பெருசா சொல்லுதேன். அவங்களுக்கும் அதே பயம், அதே பிள்ளைங்க. ஒரு நாள் இல்ல, திரும்பத் திரும்பச் சோத்துப் பொட்டலத்தக் கட்டி மலையேறணும். நேத்து செஞ்சோம், இன்னைக்கு போதும்னு விட்டிருந்தா யாரு கேப்பா?

வல்லநாட்டு ஹவில்தார்:
அண்ணாச்சி, இத வாசிச்சிட்டுக் கொஞ்ச நேரம் போன கீழ வச்சிட்டேன். ஒண்ணு ஒத்துக்கிடுதேன். எனக்கு மேலருந்து உத்தரவு இருந்துச்சு, சம்பளம் இருந்துச்சு, பக்கத்துல பதினஞ்சு பேரு இருந்தான். அந்த ஊர்க்காரங்களுக்கு யாரும் உத்தரவு போடல. ஆனாலும் அந்த நாலு நாள நான் விட்டுக்குடுக்க மாட்டேன். மலையில அவன் நடந்தது அவனுக்கே உரியது.

பாளை வாசகி:
பால்ஸ்ருடே இதற்கு ஒரு பதில் வைத்திருந்தான் என்று நினைக்கிறேன். போருக்குப் பின் 43 வருடம் வாழ்ந்து 1988 டிசம்பர் 30 அன்று இறந்தான். பிறந்த ஊர் ஓஸ்லோவில் அவனைப் புதைக்கவில்லை. அஸ்தி மான்டாலனில் இருக்கிறது, தன்னைக் காப்பாற்றிய ஒருவரின் கல்லறையிலேயே. அவன் விருப்பம் அது.

முதல் பதிவில் "தனியொருவன்" என்று எழுதியதை நான் திரும்பப் பெறுகிறேன். மனவுறுதி என்ற சொல்லை எடுக்கமாட்டேன்.

அம்பை பலசரக்கு:
அய்யா, ஒண்ணு கேக்கணும். நீங்க சொன்ன பாஞ்சாலங்குறிச்சித் தாய், அவ பேரு என்ன?

கயத்தாறு தமிழாசிரியர்:
வெல்ஷ் அவள் பெயரை எழுதவில்லை.

அம்பை பலசரக்கு:
மகன அங்கயே விட்டுட்டா போனா?

கயத்தாறு தமிழாசிரியர்:
அவன்தானே போகச் சொன்னான். அவள் சாமியைத் தூக்கினாள்.