பழைய அம்பாசிடர், காலையில் நீலப் புகை: வால்வு சீலா, கைடா?

தண்டையார்பேட்டை அம்பாசிடர்:

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 1996 மாடல் அம்பாசிடர், 1800 இசுசு பெட்ரோல் இன்ஜின். அப்பா டூரிஸ்ட் ஓட்டிய வண்டி, இப்போது வீட்டு உபயோகத்துக்கு மட்டும். விற்கும் எண்ணம் இல்லை.

பிரச்சினை புகை. ராத்திரி நிறுத்திவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்தால் குப்பென்று நீலமாகக் கிளம்பும். அரை நிமிஷத்தில் அடங்கிவிடும். ஓடும்போது கண்ணாடியில் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் லாரி வரிசையில் மாட்டி, பதினைந்து நிமிஷம் ஐடிலில் நின்றுவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால், பின்னால் பைக்கில் நிற்பவர் முகம் தெரியாத அளவுக்கு அடிக்கிறது. முன்பு 2000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் ஊற்றுவோம். இப்போது 600 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கிறது.

எட்டு மாதத்துக்கு முன் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெட்டை (இன்ஜினின் மேல் பகுதி) இறக்காமலே வால்வு சீல் (வால்வு தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர்) எட்டையும் மாற்றினார்கள். மூன்று மாதம் சுத்தமாக இருந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பழையபடி ஆகிவிட்டது. இப்போது அவர்களே "போர் போய்விட்டது, ரீபோர் அடித்து பிஸ்டன் செட் போடணும்" என்கிறார்கள், அதாவது சிலிண்டரின் உள்சுவர் தேய்ந்துவிட்டது, குடைந்து சரிசெய்யணும் என்று. வேறொருவர், வால்வு தண்டு ஏறி இறங்கும் குழாயான கைடு தேய்ந்துவிட்டது என்கிறார். செலவு செய்யத் தயார், ஆனால் தப்பான இடத்தில் செய்துவிடக் கூடாது. எதை வைத்து முடிவு செய்வது?

வியாசர்பாடி மெக்கானிக்:

தம்பி, புகை எந்தெந்த நேரத்தில் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதிலேயே பாதி பதில் இருக்கிறது.

ஐடிலில் நிற்கும்போது கார்புரேட்டரின் த்ராட்டில் பிளேட் கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன் கீழே இறங்கி இழுக்கும், காற்று வர வழி கிடையாது. அதனால் இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் குழாயில், பலமான உறிஞ்சல் இருக்கும். வால்வு தண்டுக்கும் கைடுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், மேலே ஸ்பிரிங்கைச் சுற்றி நிற்கிற ஆயிலை அந்த உறிஞ்சல் சொட்டுச் சொட்டாக உள்ளே இழுத்துவிடும். லாரி வரிசையில் நீங்கள் நிற்கும் பதினைந்து நிமிஷமும் இதுதான் நடக்கிறது. மிதித்தவுடன் சேர்ந்ததெல்லாம் ஒரே மூச்சில் எரிந்து புகையாக வருகிறது. காலைப் புகையும் அப்படித்தான். ராத்திரி முழுக்கத் தண்டு வழியாக இறங்கிய ஆயில் அது.

பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங், போர் போன வண்டி வேறு மாதிரி அடிக்கும். இன்ஜின் பளுவை இழுக்கும்போது புகை கூடவே வரும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால் விடாமல் அடிக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் புஸ் புஸ்ஸென்று ஆவி வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, ரோடு காலியாக இருக்கும்போது, பேசின் பிரிட்ஜ் பாலத்துக்குப் போங்கள். பின்னால் இன்னொரு வண்டியில் ஒருவரை வரச்சொல்லுங்கள். மூன்றாவது கியரில் நன்றாக மிதித்து ஏறுங்கள். உச்சியில் காலை எடுத்துவிட்டு, கியரிலேயே கீழே இறங்கி, அடியில் வந்ததும் மீண்டும் மிதியுங்கள். ஏறும்போது அடித்தால் கீழே ரிங் பக்கம் பார்க்கணும். இறங்கி மிதிக்கும்போது மட்டும் குப்பென்று வந்தால் ஆயில் மேலேயிருந்து வருகிறது. ஆனால் சீலா கைடா என்பது பாலத்தில் தெரியாது. இரண்டுக்கும் வழி ஒன்றுதான்.

மணலி டிரைவர்:

அண்ணே, எதற்கு இவ்வளவு? 20டபிள்யூ 50 ஆயில் ஊற்றி ஓட்டுங்கள். என் பழைய வண்டியை அப்படித்தான் இரண்டு வருஷம் ஓட்டினேன்.

வியாசர்பாடி மெக்கானிக்:

கெட்டியான ஆயில் போட்டால் கொஞ்சம் குறையும், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் 600 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போகிற இன்ஜினில் அந்த ஆயில் பிளக்கில் கரியாகவும், வால்வு முதுகில் கட்டியாகவும் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. கைடு ஆடுகிறது என்றால் வால்வு சீட்டில், அதாவது மூடும்போது அமரும் இடத்தில், நேராக உட்காராது. நாளைக்கு சீட்டும் சேர்ந்து போகும். இன்றைக்குக் கைடு வேலையோடு முடிகிறதை வால்வு வேலையாக்கக் கூடாது.

திருவொற்றியூர் பத்மினி:

சார், ரீபோர் என்று யார் சொன்னாலும் அளந்து பார்க்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் பத்மினி காரில் இதே காலைப் புகை. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரீபோர் அடித்து, புது பிஸ்டன், ரிங் எல்லாம் போட்டார்கள். ஹெட்டைத் துடைத்து அப்படியே மாட்டிவிட்டார்கள். வண்டி வந்தபோது முன்பைவிட அதிகப் புகை. புது ரிங் நன்றாக அடைப்பதால் உறிஞ்சல் கூடி, தேய்ந்த கைடு வழியாக இன்னும் அதிகமாக ஆயில் இழுக்கிறது என்று பிறகுதான் ஒரு பெரியவர் விளக்கினார். திரும்பவும் ஹெட்டை இறக்கினேன். இரண்டு செலவு.

அப்புறம் ஒன்று. ஹெட்டின் மேல் மூடியான டேப்பெட் கவரிலிருந்து ஏர் ஃபில்டருக்குப் போகும், ஆவி வெளியேறும் பிரீதர் ஹோஸை முதலில் கழற்றி உள்ளே பாருங்கள். அது அடைத்திருந்தாலும் ஆயில் மேலே தள்ளும். செலவில்லாத வேலை.

தண்டையார்பேட்டை அம்பாசிடர்:

சொன்னதையெல்லாம் செய்தேன். பிரீதர் ஹோஸில் கொஞ்சம் பிசுக்கு இருந்தது, சுத்தம் செய்தும் புகையில் மாற்றமில்லை.

பாலத்தில் ஏறும்போது ஒன்றும் இல்லை. இறங்கி மிதித்ததும் ஒரு பெரிய நீல மேகம். பின்னால் வந்த மச்சான் போனில் வீடியோ எடுத்திருக்கிறான்.

கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) அளவைச் சூடான இன்ஜினில், த்ராட்டிலை முழுக்கத் திறந்து எடுத்தோம். 150, 138, 140, 150 பிஎஸ்ஐ. ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுத்ததில் ஐந்துக்கு மேல் ஏறவில்லை. இரண்டாவது, மூன்றாவது பிளக் மட்டும் ஈரக் கரி பிடித்திருந்தது. மற்ற இரண்டும் காய்ந்த பழுப்பு.

தெரிந்தவரிடம் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜ் இரவல் வாங்கி மேனிஃபோல்டில் மாட்டினேன். ஐடிலில் முள் 17 அங்குலத்தை (பாதரச அளவு) சுற்றி வேகமாக நடுங்குகிறது. 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றினால் நடுக்கம் நின்றுவிடுகிறது. இதற்கு என்ன அர்த்தம்?

கொருக்குப்பேட்டை லேத்:

வணக்கம் அண்ணா. நான் லேத் பட்டறையில் ஹெட் வேலை செய்பவன்.

ஆயில் விட்டும் கம்ப்ரஷன் ஏறவில்லை என்றால் ரிங் வழியாகப் பெரிய கசிவு இல்லை. போர் வேலையை மறந்துவிடுங்கள். இரண்டும் மூன்றும் பன்னிரண்டு பிஎஸ்ஐ வரை குறைவாக இருப்பது வால்வு சீட்டில் சரியாக உட்காராததாக இருக்கலாம். அதே இரண்டு பிளக்தான் ஈரம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேஜ் முள் ஐடிலில் நடுங்கி, ஆர்பிஎம் ஏறினால் அடங்குவது தேய்ந்த கைடின் குணம். கைடு இடைவெளி வழியாகக் காற்றும் உள்ளே போகிறது. வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் இது தலைகீழாக இருக்கும், ஐடிலில் நின்று ஆர்பிஎம் ஏறினால் ஆடும். சீல் மட்டும் போயிருந்தால் முள்ளில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

ஆனாலும் இதை நம்பி மட்டும் ஹெட்டை இறக்கச் சொல்லமாட்டேன். உங்கள் சீல் மூன்று மாதத்தில் போனதற்கு வேறு காரணமும் இருக்கலாம். வால்வு தண்டின் நுனியில், ஸ்பிரிங்கைப் பிடித்து வைக்கும் லாக் உட்காரும் பள்ளம் இருக்கிறதே, அதன் விளிம்பு கூர்மையானது. பிளாஸ்டிக் உறை போடாமல் சீலை அதன்மேல் தள்ளினால் சீலின் உதடு கிழிந்துவிடும். சாதாரண நைட்ரைல் ரப்பர் சீல் என்றால் சூட்டில் சீக்கிரம் கல்லாகிவிடும், வைட்டான் சீல் அதிகம் தாங்கும். ஆகவே கையால் ஆட்டிப் பார்த்து அளப்பதுதான் கடைசித் தீர்ப்பு. ஹெட்டை இறக்காமலே செய்யலாம்.

காசிமேட்டில் வலைச் சாமான் கடையில் 8 மி.மீ. நைலான் கயிறு புதிதாக இரண்டு மீட்டர் வாங்குங்கள். பழையது வேண்டாம், நார் உள்ளே உதிரும். கயிறு போடும் சிலிண்டரில் இரண்டு வால்வும் மூடியிருக்கும் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கில், பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்துங்கள். பிளக் ஓட்டை வழியாகக் கயிற்றை நுழைத்து, ஒரு நுனியை வெளியே விட்டுவிடுங்கள். ஸ்பானரால் கிராங்கைக் கையாலேயே மெதுவாகத் திருப்பினால் கயிறு இறுகி வால்வைக் கீழிருந்து தாங்கும். இப்போது வால்வைத் தள்ளித் திறக்கும் ராக்கரைக் கழற்றி, ஸ்பிரிங்கை அமுக்கி, லாக், ஸ்பிரிங், சீல் மூன்றையும் எடுங்கள். தண்டின் நுனியில் ரப்பர் பேண்டை நாலு சுற்று இறுக்கிச் சுற்றிவிடுங்கள், தவறி வால்வு உள்ளே விழுந்தால் ஹெட்டை இறக்கியே ஆகவேண்டும். பிறகு கிராங்கைச் சற்றுப் பின்னால் திருப்பிக் கயிற்றை எடுத்துவிட்டு, பிஸ்டனை மேலே கொண்டுவாருங்கள்.

வால்வைச் சீட்டிலிருந்து சற்றுக் கீழே இறக்கி, நுனியைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ராக்கர் தள்ளும் திசையில் ஒருமுறை, அதற்குக் குறுக்கே ஒருமுறை. கைடு வட்டமாகத் தேய்வதில்லை, ராக்கர் தள்ளுகிற பக்கம் நீள்வட்டமாகத் தேயும். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் வைத்தால் நல்லது. நுனியில் தெரியும் அசைவு உண்மையான இடைவெளியைவிட அதிகமாகத்தான் காட்டும், தண்டு சாய்வதால். அதனால் காய்ந்த பிளக் இருந்த ஒன்றாம் சிலிண்டரையும் அளந்து ஒப்பிடுங்கள். புது வேலையில் தண்டுக்கும் கைடுக்கும் இடைவெளி பொதுவாக 0.02 முதல் 0.06 மி.மீ. வரை இருக்கும். 0.1ஐத் தாண்டினால் எந்த சீலும் நிற்காது. வால்வு ஆடும்போது உதடு ஒரு பக்கம் அமுங்கி மறுபக்கம் வாய் பிளந்துவிடும்.

தண்டையார்பேட்டை அம்பாசிடர்:

தம்பி, நீங்கள் எழுதியதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டு செய்தோம். அப்பா டார்ச் பிடித்தார்.

ஒன்றாம் சிலிண்டர் இன்டேக்: குறுக்கே 0.08 மி.மீ., ராக்கர் திசையில் 0.12. இரண்டாம் சிலிண்டர் இன்டேக்: 0.15, 0.38. மூன்றாம் சிலிண்டர் இன்டேக்: 0.14, 0.35. கேஜே வேண்டாம், நகத்தால் தள்ளினாலே டக் டக்கென்று சத்தம் கேட்கிறது. எடுத்த சீலை விரலில் மாட்டிப் பார்த்தேன். ரப்பர் இன்னும் மென்மையாகத்தான் இருக்கிறது, கிழியவில்லை. ஆனால் உள் உதடு ஒரு பக்கம் மட்டும் மழுங்கிப் பளபளவென்று இருக்கிறது.

இனி ஹெட்டை இறக்குவதுதானே? ஆடும் இரண்டு கைடை மட்டும் மாற்றினால் போதுமா?

கொருக்குப்பேட்டை லேத்:

அந்தப் பளபளப்பு கைடு வேலை அண்ணா. சீல் போட்டவர் மேல் தப்பில்லை, கைடை அளக்காமல் போட்டதுதான் தப்பு.

எட்டையும் மாற்றுங்கள். ஹெட்டை இறக்கும் கூலி ஒன்றுதான். பட்டறையில் இந்த வரிசையில் வேலை நடக்கிறதா என்று கூடவே நின்று பாருங்கள். பழைய வால்வைத் தூக்கிப் போடுவதற்கு முன் மைக்ரோமீட்டரால் தண்டை மேலே, நடுவே, கீழே என மூன்று இடத்தில் அளக்கணும். தேயாத இடத்துக்கும் தேய்ந்த இடத்துக்கும் 0.03 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் வால்வும் புதிது. அந்த வித்தியாசம் இல்லையென்றால் பழைய வால்வே போதும். புது கைடு இறங்கியதும் கட்டாயம் ரீமர் ஓட்டித் துளையைத் துல்லியமாக்கி, அந்தந்த வால்வுக்குப் பொருத்தணும். ரொம்ப டைட்டாக விட்டால் சூட்டில் வால்வு பிடித்துக்கொள்ளும். இன்ஜின் ஓட அந்த இடத்தில் துளி ஆயில் தேவை.

சீட் கட்டிங் இதற்கெல்லாம் பிறகுதான். புது கைடின் மையம் பழைய இடத்திலேயே இருக்காது. முதலில் சீட் வெட்டிவிட்டுப் பிறகு கைடு அடித்தால் வால்வு மறுபடி ஒரு பக்கமாகத்தான் உட்காரும். சீல் கடைசியாக, உறை போட்டு.

பழைய கைடின் உள்ளே பள்ளம் அடித்து இறுக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். கொஞ்ச நாளுக்குத்தான் நிற்கும்.

தண்டையார்பேட்டை அம்பாசிடர்:

ஒரு மாதம் ஆகிவிட்டது, சொல்லாமல் விடக் கூடாது என்று எழுதுகிறேன்.

எட்டு கைடும் புதிது. இன்டேக் வால்வு நான்கும் தண்டு நன்றாக இருந்ததால் அப்படியே போட்டோம். எக்ஸாஸ்டில் இரண்டு வால்வு தேய்ந்திருந்தது, மாற்றினோம். பட்டறையில் இரண்டாம் சிலிண்டரின் பழைய கைடை வெளியே எடுத்ததும் கையில் கொடுத்தார்கள். அதற்குள் புது வால்வை நுழைத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தேன். தண்டுக்கு ஒரு பக்கம் மூன்றாம் பிறை மாதிரி மெல்லிய வெளிச்சம் தெரிந்தது. இத்தனை நாளும் ஆயில் போன வழி அது.

இதுவரை 900 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டிப் ஸ்டிக்கில் ஆயில் மேல் கோட்டிலிருந்து ஒரு நூல் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஐடிலில் கேஜ் முள் 19இல் அசையாமல் நிற்கிறது. 500 கிலோமீட்டரில் டேப்பெட் இடைவெளியை ஒருமுறை சரிபார்த்தோம். நேற்று அதே நெடுஞ்சாலையில் இருபது நிமிஷம் லாரி வரிசை. கிளம்பும்போது அப்பா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பின்னால் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பழைய கைடு எட்டையும் ஒரு பிஸ்கெட் டப்பாவில் வைத்திருக்கிறேன். வியாசர்பாடி அண்ணே, உங்களிடம் வேலை பழகும் பையன்களுக்குக் காட்ட வேண்டுமென்றால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.