‘வால்’ வேண்டாம், வேறு என்ன?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

போக்கிமான் போட்டி ஆட்டத்துக்கான ஒரு கையேட்டைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆளுக்கு ஆறு கற்பனை விலங்குகளை அணியாக வைத்து, மாற்றி மாற்றிக் களமிறக்கி மோதவிடும் கணினி விளையாட்டு அது. வெள்ளி மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். நான் சிக்கியிருக்கும் அத்தியாயம் முழுவதும் ஒரே விலங்கைப் பற்றியது: டாக்ஸபெக்ஸ். தான் அடிப்பது குறைவு. எதிரி அடிப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு நிற்கும். அதை நடுவில் வைத்து மற்ற ஐந்து விலங்குகளை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதுதான் பாடம்.

இப்படி நிற்கும் விலங்கை ஆட்டக்காரர்கள் ‘வால்’ என்கிறார்கள். சுவர் என்பதற்கான ஆங்கிலச் சொல் அது. முதல் படியில் அப்படியே ஒலிபெயர்த்து வைத்தேன். “டாக்ஸபெக்ஸ் சிறந்த வால்” என்று வந்தது. அடுத்த பக்கத்தில் “வாலை உடைக்க இரண்டு வழிகள்”. என் அக்கா மகள் படித்துவிட்டு, “இதுக்கு வாலே இல்லையே சித்தி, பன்னிரண்டு கால்தானே” என்றாள். அவள் சொன்னது சரி. விளையாட்டின் விலங்குக் குறிப்பிலேயே பன்னிரண்டு கால் என்றுதான் இருக்கிறது. அதோடு வால்கரோனா என்று வேறொரு விலங்கும் அதே பக்கத்தில் வருகிறது.

சொல் ஒன்று வேண்டும். அது பெயராகவும் வர வேண்டும், வினையாகவும் வர வேண்டும். “டாக்ஸபெக்ஸ் வால்கரோனாவை வால் பண்ணும்” என்ற வரியை எப்படி எழுதுவது? அதை உடைக்கும் விலங்குக்கு என்ன பெயர்? உதவுங்கள்.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, வேறெங்கும் தேட வேண்டாம். ‘அரண்’.

திருக்குறளில் 75ஆம் அதிகாரம் முழுக்க உங்கள் டாக்ஸபெக்ஸ்தான். உயர்வு, அகலம், திண்மை, அருமை என நான்கைக் கேட்கிறார் வள்ளுவர். 745ஆம் குறளில் “கொண்டகூழ்த்து ஆகி” என்கிறார். உள்ளிருப்போருக்கு வேண்டிய உணவை அரண் தன்னிடமே வைத்திருக்க வேண்டும். இந்த விலங்கு தன் காயத்தைத் தானே ஆற்றிக்கொள்ளுமா? ஆற்றிக்கொள்ளும் என்றால் அது அரணே.

கோட்டைச் சுவருக்கே மதில், எயில், இஞ்சி, புரிசை என்று பல பெயர்கள் நம்மிடம் உண்டு. அவற்றுள் எயில் என்பதை ‘எய்’ என்னும் வினையோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. அம்பு எய்ய இடமுள்ள மதில். அப்படியானால் அடியைத் தாங்கிக்கொண்டு திருப்பியும் அடிக்கும் விலங்குக்கு எயில், வெறுமனே தாங்குவதற்கு மதில் என்று பிரிக்கலாம். இஞ்சி என்றால் கம்பரின் “செம்பிட்டுச் செய்த இஞ்சி” நினைவுக்கு வருகிறது. எஃகு வகை விலங்குகள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவை அரணாக நின்றால் அவற்றுக்கு இஞ்சி.

போர் முறைக்கும் பெயர் இருக்கிறது. மதிலை வளைத்தல் உழிஞை, காத்தல் நொச்சி. தொல்காப்பியர் இரண்டையும் உழிஞைக்குள்ளேயே அடக்கினார். நொச்சியைத் தனித்திணையாகப் புறப்பொருள் வெண்பாமாலையில் காண்கிறோம். அரணை நடுவில் வைத்து அமைக்கும் அணிக்கு ‘நொச்சி அணி’ என்று பெயரிட்டால் சொல்லும் அழகு, பொருளும் சரி.

---

போட்டி ஆட்டக்காரர் எழுதியது:

ஐயா, நொச்சி அணி என்ற பெயர் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் மதில் வகைச் சொற்களில் எனக்கு ஒரு தயக்கம். மதில் நின்ற இடத்தில் நிற்கும். இது அப்படி நிற்பதில்லை.

டாக்ஸபெக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயிர்ப்புள்ளியின் அடிப்படை எண் வெறும் 50. உடல்வழித் தாக்குதலைத் தாங்கும் எண் 152, சிறப்புத் தாக்குதலைத் தாங்கும் எண் 142. கனத்த ஓடு, உள்ளே சின்ன உயிர். அதன் உண்மையான வலிமை வேறிடத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் பயன்படுத்தும் அதன் இயல்புப்படி, களத்தை விட்டுப் பின்வாங்கும் ஒவ்வொரு முறையும் உயிரில் மூன்றில் ஒரு பங்கு திரும்ப வந்துவிடும். ஆக, உள்ளே வரும், அடியை வாங்கும், வெளியே போகும், ஆறும், மறுபடி வரும். 2022இல் வந்த ஒன்பதாம் தலைமுறைப் பதிப்பில் இது இன்னும் முக்கியமாகிவிட்டது. ஆற்றிக்கொள்ளும் செயலை முன்பு ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் 16 முறை செய்யலாம், இப்போது 8தான். அப்புறம் பின்வாங்கி ஆறுவதை மட்டுமே நம்ப வேண்டும்.

பின்வாங்க வேண்டும் என்றால் அந்த நேரத்தில் உள்ளே வர இன்னொருவர் வேண்டும். அணி அமைப்பது என்பதே இதுதான். டாக்ஸபெக்ஸுக்கு மின்சாரம், நிலம், மனோசக்தி ஆகிய மூன்று வகைத் தாக்குதலும் ஆகாது. கிளைஸ்கரைப் பக்கத்தில் வையுங்கள். மின்சாரமும் நிலமும் அதைத் தொடவே தொடாது. கிளைஸ்கருக்கு நீரும் பனியும் எமன்; அவை இரண்டையும் டாக்ஸபெக்ஸ் பாதி அடியாக வாங்கிக்கொள்ளும். மிச்சம் மனோசக்தி. எஃகு உடம்புள்ள கோர்விநைட் வந்தால் அதுவும் பாதியாகும். கோர்விநைட்டுக்கு ஆகாதவை தீயும் மின்சாரமும். தீயை டாக்ஸபெக்ஸ் ஏற்கும், மின்சாரத்தைக் கிளைஸ்கர் ஏற்கும். முதல் மூன்று இடங்கள் முடிந்தன.

பழைய காலத்திலும் இதே கதைதான். 1999இல் வந்த ஸ்கார்மரியும் பிளிஸ்ஸியும். பிளிஸ்ஸிக்கு உயிர் எண் 255, ஆனால் உடல்வழித் தாக்குதலைத் தாங்கும் எண் 10. ஸ்கார்மரிக்கு அது 140. ஒன்றால் முடியாததை மற்றது வாங்கிக்கொள்ளும். இரண்டையும் ஒரே மூச்சில் ஒரே பெயராகச் சொல்வார்கள்.

அதனால் நான் கேட்பது ‘தாங்கி’. விளையாடும்போது நாங்கள் பேசுவதே “இன்னும் ஒரு அடி தாங்குமா” என்றுதான்.

---

பொறியாளர் எழுதியது:

தம்பி, தாங்கி ஏற்கனவே இடம் பிடித்துவிட்ட சொல். பொறியியலில் சுழலும் தண்டைத் தாங்கும் உறுப்புக்குத் தாங்கி என்கிறோம். இலங்கைத் தமிழில் நீர்த்தாங்கி என்றால் தண்ணீர்த் தொட்டி. அதைவிட, ஆட்டக்காரர்கள் ‘டேங்க்’ என்று வேறொரு வகையைச் சொல்வார்களே, அடியும் வாங்கி அடியும் கொடுப்பது? ஒலியிலும் பொருளிலும் தாங்கி அதற்குத்தான் பொருந்துகிறது. இதற்குக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன செய்வீர்கள்?

---

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர் எழுதியது:

வணக்கம். இரண்டு நாளாக இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். யாரும் தொடாத ஒரு சிக்கல் இருக்கிறது.

> சொல் ஒன்று வேண்டும். அது பெயராகவும் வர வேண்டும், வினையாகவும் வர வேண்டும்.

‘அரண்’ என்பதை வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். “வால்கரோனாவுக்கு டாக்ஸபெக்ஸ் அரண்.” இதைப் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? டாக்ஸபெக்ஸ் வால்கரோனாவைப் பாதுகாக்கிறது என்று. “நாட்டுக்கு அரண்” என்றால் நாட்டைக் காப்பதுதானே? நாம் சொல்ல வந்தது நேர் எதிர். வால்கரோனா எதிரியுடையது, அதன் தீயும் பூச்சித் தாக்குதலும் டாக்ஸபெக்ஸிடம் எடுபடாது. இந்தக் கையேட்டில் பாதி வரிகள் இந்த அமைப்பில்தான் இருக்கின்றன. எதற்கு எது தடை என்பதுதானே அத்தியாயமே.

‘அணை’ என்று வையுங்கள். “வெள்ளத்துக்கு அணை” என்றால் யாருக்கும் குழப்பமில்லை. “வால்கரோனாவுக்கு டாக்ஸபெக்ஸ் அணை” என்றால் வெள்ளம் எது, தடுப்பது எது என்று உடனே தெரிகிறது. வினைக்கு ‘அணையிடு’. அணைக்கு ஒரு கொள்ளளவு உண்டு, கசிவு உண்டு, உடைப்பும் உண்டு. தம்பி சொன்ன அந்த 8 முறை தீர்ந்ததும் நடப்பது அணை உடைவதுதான்.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அம்மா சொல்வதில் இலக்கணம் பாதிதான். நான்காம் வேற்றுமைக்கு நன்னூலார் தரும் பொருள்களில் கொடைக்கு அடுத்து நிற்பது பகை. பாம்புக்குப் பகை கீரி. ‘கு’ உருபு காப்பதற்கும் வரும், எதிர்ப்பதற்கும் வரும். “வால்கரோனாவுக்கு அரண்” என்பதில் பகைப்பொருளைக் கொள்ளத் தடையில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அரண் என்பதன் விரிவு அரணம். கவசத்துக்கும் அரணம் என்ற பெயர் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் செருப்பை “அடிபுதை அரணம்” என்கிறார் புலவர். பாதத்தை மூடிக் காக்கும் அரணம். என்ன சொல்லாட்சி!

---

போட்டி ஆட்டக்காரர் எழுதியது:

ஐயா! அடிபுதை அரணம் என்றதும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஆட்டத்தில் எதிரி நம் பக்கத்துத் தரையில் முள் பரப்புவான், கல் மிதக்க விடுவான். நாம் விலங்கை மாற்றும் ஒவ்வொரு முறையும் உள்ளே வருவது அதில் அடிபடும். அந்தக் கல், பாறைத் தாக்குதல் இயல்பாகப் பாதிக்கும் விலங்கின் உயிரில் எட்டில் ஒரு பங்கை எடுக்கும். பாவம் வால்கரோனா, அதற்குப் பாதி உயிர் போய்விடும். உள்ளே வெளியே போய்வந்து பிழைக்கும் நம் அணிக்கு இதுதான் பெரிய எதிரி. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். 2019இல் வந்த எட்டாம் தலைமுறையில் இதற்காகவே ஒரு கனமான காலணி கொடுத்தார்கள். அதை மாட்டிய விலங்கு உள்ளே வரும்போது முள்ளும் கல்லும் ஒன்றும் செய்யாது. அதற்கு ‘அடிபுதை அரணம்’ தவிர வேறு பெயரே கூடாது. தரையில் பரப்பும் முள்ளுக்கு ‘நெருஞ்சி’. நச்சு முள்ளுக்கு ‘நச்சுநெருஞ்சி’. டாக்ஸபெக்ஸ் நச்சு வகை என்பதால் நச்சுநெருஞ்சியை மிதித்தபடி உள்ளே வந்தே அதைத் துடைத்துவிடும். இதையும் கையேட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள் அக்கா.

---

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர் எழுதியது:

ஐயா, மன்னிக்கவும். “பாம்புக்குப் பகை கீரி” என்பதில் எதிர்ப்பு இருப்பது ‘பகை’ என்ற சொல்லிலேயே. உருபு அதற்கு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். ‘அரண்’ என்ற சொல்லுக்குள் இருப்பது காப்பு. அதை எதிர்ப்பாகப் படிக்க வைக்க உருபால் ஆகாது. சூத்திரம் தடுக்கவில்லை என்பது வேறு, படிக்கிற பையனுக்குப் புரிகிறது என்பது வேறு.

---

பள்ளி ஆசிரியை ஒருவர் எழுதியது:

இவ்வளவு படித்தும் ஒரு கேள்வி மிச்சம். ‘சுவர்’ என்று ஏன் எழுதக் கூடாது? ஆங்கிலத்தில் அவர்கள் கோட்டை இலக்கியத்தையெல்லாம் தேடிப் போகவில்லையே, வீட்டுச் சுவரைச் சொல்லும் சொல்லைத்தான் எடுத்தார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்று நாமே சொல்கிறோம். அந்த அத்தியாயத்தின் பொருளே அதுதானே? கையேட்டைத் திறப்பவர்கள் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். எயில், இஞ்சி என்றால் அவர்களுக்கு எட்டாது. இஞ்சி என்றால் சமையலறைதான் நினைவுக்கு வரும்.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

எட்டாது என்று நாமே முடிவு கட்டி எதையும் கொடுக்காமல் விட்டால் எப்போது எட்டும்? நூற்றுக்கணக்கான விலங்குகளின் பெயரையும் அவற்றின் எண்களையும் மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை எயில் என்ற மூன்றெழுத்தில் தடுக்கி விழுமா? விளையாட்டு வழியாக ஒரு சொல் திரும்பி வருமென்றால் அதைவிட நல்ல வழி எது? இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் அம்மா.

---

பொறியாளர் எழுதியது:

சுவருக்கு என் ஓட்டு இல்லை, அணைக்கும் இல்லை. அணி, அணை, இணை மூன்றும் ஒரே பத்தியில் வரப் போகின்றன. “அணியின் அணைக்கு இணை” என்று எழுதிப் பாருங்கள். கைப்பேசித் திரையில் எழுத்து மங்கினால் தீர்ந்தது. ‘அணைக்கும்’ என்று வினையாக்கினால் கட்டிப் பிடிப்பதா, விளக்கை அணைப்பதா என்று வேறு கேட்பார்கள்.

---

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வியாழன் இரவு ஆகிவிட்டது. அரணுக்கு ஐந்து பேர், அணைக்கு மூன்று பேர், சுவருக்கு ஒருவர், தாங்கிக்குத் தம்பி மட்டும். தனிமடலில் சொன்னவர்களையும் சேர்த்திருக்கிறேன்.

விலங்கைக் குறிக்கும் பெயராக ‘அரண்’ என்றே வைக்கிறேன். ஆனால் மென்பொருள் அக்கா சொன்ன சிக்கல் உண்மையானது. அதனால் “இன்னதற்கு அரண்” என்ற அமைப்பைக் கையேட்டில் எங்குமே வரவிடவில்லை. அந்த இடங்களில் எல்லாம் வினையாக ‘தடு’ என்று மாற்றிவிட்டேன்: “டாக்ஸபெக்ஸ் வால்கரோனாவைத் தடுத்து நிற்கும்.” 62 வரிகளைத் திருத்த வேண்டியிருந்தது. டேங்குக்குத் தாங்கி. நொச்சி அணி அத்தியாயத் தலைப்பாகிவிட்டது. நெருஞ்சியும் அடிபுதை அரணமும் அப்படியே போகின்றன. இரண்டாவதற்கு முதல்முறை மட்டும் ‘காலணி’ என்று பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

அக்கா மகளிடம் திருத்திய பக்கத்தைக் கொடுத்தேன். நெருஞ்சி எங்கே முளைக்கும் என்று கேட்டாள். அரண் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

---

மென்பொருள் தமிழாக்கம் செய்பவர் எழுதியது:

62 வரிகளைத் திருத்திய உழைப்புக்கு வணக்கம். ஆனால் ஒரு சொல் பொருந்துவதற்காக 62 வரிகளை வளைக்க வேண்டியிருந்தால் அந்தச் சொல் இன்னும் அமையவில்லை என்றே நினைக்கிறேன். என் பக்கத்தில் நான் ‘அணை’ என்றே எழுதுவேன். அடுத்த பதிப்பு வரும்போது மறுபடி கேட்கிறேன்.

---

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் எழுதியது:

அரணை உடைக்கும் விலங்குக்குப் பெயர் இன்னும் யாரும் சொல்லவில்லை. “தூங்கெயில் எறிந்த” சோழனை, வானில் தொங்கிய மதிலை அழித்தவனை, நினைத்து ‘எயிலெறிநன்’ என்று வைக்கலாமா? காலைக்குள் சொல்ல முடியுமா அம்மா?

---

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:

ஐயா, கோப்பு போய்விட்டது. அங்கே ‘அரண் உடைப்பான்’ என்று இருக்கிறது.