லிப்ஸ்டிக் அரக்கு, போட்டோவில் ரோஸ்: எங்கே தப்பு செய்கிறேன்?

அரக்குப்பொட்டு, மதுரை:

வணக்கம். நான் மாநிறத்துக்கு ஒரு படி மேலே, கருப்பென்றே சொல்லலாம். என் நிறத்தில் இருப்பவர்களுக்கு எந்த லிப்ஸ்டிக் எப்படி இருக்கும் என்று வாங்கிப் பூசிப் பார்த்து, படத்தோடு எட்டு மாதமாக எழுதி வருகிறேன். எழுதுவதில் சிக்கல் இல்லை, படம்தான் காலை வாருகிறது.

போன வாரம் ஒரு லிப்ஸ்டிக். கண்ணாடியில் பார்த்தால் பட்டுப்புடவை பார்டரில் வருமே, அச்சு அசல் அந்த அரக்கு. போனில் எடுத்தால் ரோஸ், அதுவும் பஞ்சுமிட்டாய்க்குச் சித்தி பெண் மாதிரி ஒரு ரோஸ். இன்னொரு தடவை எடுத்தால் செங்கல். மூன்றாவதில் கொஞ்சம் பரவாயில்லை என்று அதைப் போட்டேன். அதைப் பார்த்து வாங்கிய ஒரு பெண் "அக்கா, நீங்க காட்டின கலர் வேற, எனக்கு வந்த கலர் வேற" என்று எழுதியிருந்தார். அவருக்கு 350 ரூபாய் தண்டம், எனக்கு இரண்டு நாள் தூக்கம் போச்சு.

என்னிடம் இருப்பவை: படுக்கையறையில் ஒரு ஜன்னல், பிஸ்தா பச்சைச் சுவர், மேலே டியூப்லைட், ஆன்லைனில் வாங்கிய 10 இஞ்ச் ரிங் லைட், மூன்று வருடப் பழைய போன். செல்ஃபி கேமராவில்தான் எடுக்கிறேன். வேலை முடிந்து வீடு சேரவே ராத்திரி எட்டாகிவிடும், அதற்கப்புறம்தான் இதெல்லாம்.

இன்னொன்று. படத்தில் நான் நிஜத்தைவிட இரண்டு ஷேட் வெளுப்பாக இருக்கிறேன். அம்மாவுக்குச் சந்தோஷம், எனக்கு எரிச்சல். 5000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

சும்மா எட்டிப்பார்ப்பவன்:

ஐபோன் வாங்குங்க அக்கா. மேட்டர் ஓவர்.

பழைய ஸ்டுடியோக்காரன், கும்பகோணம்:

தம்பி, 5000 என்று கேட்டவரிடம் ஐபோன் என்கிறீர்கள். அதை வாங்கிவந்து அதே டியூப்லைட்டுக்குக் கீழே எடுத்தாலும் அதே ரோஸ்தான் கொஞ்சம் பளிச்சென்று வரும்.

அம்மா, ஜவுளிக்கடையில் புடவை எடுக்கும்போது நம் ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்கள்? முந்தானையைத் தூக்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்கு வந்து பார்ப்பார்கள். உள்ளே ஒரு கலர், வெளியே ஒரு கலர். உங்கள் பிரச்சினையும் அதேதான். கண் எந்த வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும், கேமராவும் அந்த வேலையைச் செய்யப் பார்க்கும், ஆனால் இரண்டு மூன்று வெளிச்சம் கலந்துவிட்டால் அது குழம்பிவிடும். உங்கள் அறையில் 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கணக்கு) டியூப்லைட் நீலம் அடிக்கும். ரிங் லைட்டை வார்ம் பக்கம் வைத்தீர்களானால் 3000 பக்கம், அது மஞ்சள். பிஸ்தாச் சுவரிலிருந்து பச்சை வேறு எதிரொளிக்கும். அந்தப் பச்சையை அடக்க கேமரா எதிர்ப்பக்கமாகப் போய் மஜந்தாவை, அதாவது ஊதா கலந்த ரோஸை, கொட்டியிருக்கும். அரக்கு எப்படி ரோஸாச்சு என்று பிடிபடுகிறதா?

முதலில் ஒரே ஒரு வெளிச்சம் என்று முடிவெடுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஜன்னல் என்றால் டியூப்லைட்டும் ரிங் லைட்டும் அணைந்திருக்க வேண்டும். வெயில் நேராக உள்ளே விழுந்தால் வெள்ளை வேட்டி ஒன்றை ஒற்றையாகத் தொங்கவிடுங்கள் (கட்சிக் கரை வேட்டி வேண்டாம், கரையின் கலர் கன்னத்தில் விழும்). ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி, அதற்குக் கொஞ்சம் சாய்வாக உட்காருங்கள். இருட்டாக இருக்கிற கன்னத்துப் பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. சினிமா ஷூட்டிங்கில் ஒருத்தர் வெள்ளை அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பாரே, அதேதான். முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர் என்ன கலராகவும் இருந்துவிட்டுப் போகட்டும், முகத்துக்கு எதிரில் இருக்கும் சுவர்தான் எதிரி, அதன் மேல் வெள்ளை பெட்ஷீட் போடுங்கள்.

ராத்திரிதான் முடியும் என்றால் பல்ப் வாங்கும்போது அட்டையில் சிஆர்ஐ எவ்வளவு என்று பாருங்கள், அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு உள்ளபடி தெரியும் என்பதற்கு நூற்றுக்குப் போடும் மார்க் அது. 80 என்றால் வீட்டுக்குப் போதும், லிப்ஸ்டிக்குக்குப் போதாது. ஏன் என்றால் அது 8 மாதிரி நிறங்களை வைத்துப் போடும் சராசரி, அந்த எட்டுமே சாயம் வெளுத்த மாதிரி மங்கலான நிறங்கள். அழுத்தமான சிவப்பு ஒன்பதாவது நம்பர், ஆர்9 என்பார்கள், சராசரியில் அதைச் சேர்ப்பதில்லை. மொத்தத்தில் 80 மார்க் எடுத்த பல்ப் சிவப்பில் மட்டும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்பது சகஜம். நீங்கள் எழுதுவதோ முழுக்க முழுக்கச் சிவப்பு. 95 போட்ட பல்ப் இரண்டு வாங்கினால் உங்கள் 5000இல் பெரும்பகுதி மிஞ்சும்.

செல்ஃபி கேமராவை விடுங்கள். பின்பக்கக் கேமரா, 2 எக்ஸ் ஜூம், ஐந்தடி தூரம், ஸ்டாண்ட், டைமர். பக்கத்தில் வைத்து எடுத்தால் மூக்கு பெருத்து காது ஒளிந்துகொள்ளும், அதற்குக் காரணம் லென்ஸ் இல்லை, தூரம்.

இனி அந்த வெளுப்புக்கு வருகிறேன். ஸ்டுடியோவில் நான் உட்கார்ந்த காலத்தில் பெண் பார்க்கக் கொடுக்கும் படத்துக்கு வந்தால் பெற்றவர்கள் மெதுவாகக் குனிந்து "கொஞ்சம் கலரா போட்டுருங்க" என்பார்கள். கலர் என்றால் நம் ஊரில் சிவப்புத் தோல் என்று அர்த்தம், மற்றதெல்லாம் கலரே இல்லை போலிருக்கிறது. நெகட்டிவில் பென்சில் பிடித்து டச்சிங் செய்து கொடுத்திருக்கிறேன், மறைக்கவில்லை. ஃபிலிம் கம்பெனியும் அப்படித்தான். கோடக், லேப்களுக்குக் கொடுத்த மாதிரிப் படத்துக்கு ஷெர்லி கார்டு என்று பெயர், அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண், அவள் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி என்று அர்த்தம். பல நிறத்துப் பெண்கள் இருக்கும் கார்டு 1990களில்தான் வந்தது. 2021இல் கூகுள், பிக்ஸல் 6 போனில் கருத்த தோலை உள்ளபடி காட்ட 'ரியல் டோன்' என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அப்படியென்றால் அதுவரை என்ன காட்டினார்கள்?

உங்கள் போனில் ப்யூட்டி மோட் தானாகவே ஆன் ஆகியிருக்கும், தேடி அணையுங்கள். அணைத்த பிறகும் வெளுக்கும். கேமராவுக்குக் கட்டம் முழுக்கக் கருப்பாகத் தெரிந்தால் வெளிச்சம் குறைவு என்று எண்ணிக்கொண்டு தானாக ஏற்றிவிடும், அதற்குத் தெரிந்ததெல்லாம் நடுத்தரச் சாம்பல்தான். திரையில் உங்கள் கன்னத்தை விரலால் அழுத்திப் பிடியுங்கள், ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் வரும் சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். கண்ணாடியில் இருக்கும் முகம் திரையில் வரும் வரை இழுங்கள்.

கண்மை, திருச்சி:

ஸ்டுடியோ ஐயா சொன்னதில் பாதிக்கு மேல் ஒத்துக்கொள்கிறேன். நான் பதினோரு வருடமாக மணப்பெண் மேக்கப் செய்கிறேன், ரிங் லைட்டை முழுக்கக் கழித்துக்கட்ட வேண்டாம். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது பருத்தழும்பு, முடி, ஃபவுண்டேஷன் திட்டு எல்லாம் வெளியே வரும். ஒரு பொருள் தோலில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று காட்ட அதுதான் வேண்டும், சரி. ஆனால் ஐலைனர் கோடு எவ்வளவு நேராக வந்திருக்கிறது என்று காட்ட நேர் வெளிச்சம் வசதி, ரிங் லைட் அங்கே உதவும். கண்ணுக்குள் வட்டமாக ஒரு வளையம் தெரியும், எனக்கு அது பிடிக்காது, சிலருக்கு அதுதான் அழகு. கண்ணாடி போட்டிருந்தாலும் பளபளக்கும் பாட்டிலை எடுத்தாலும் அந்த வளையம் வந்து உட்காரும், அப்போது அணைத்துவிடுங்கள்.

ஃபிளாஷ் மட்டும் போடாதீர்கள். ஒரு ரிசப்ஷனில் மணப்பெண் நேரில் தேவதை மாதிரி இருந்தாள், ஆல்பம் வந்தபோது முகம் மட்டும் திருநீறு பூசினது போல வெள்ளை, கழுத்து அவள் கழுத்து. சன்ஸ்க்ரீனில் இருக்கும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் ஜிங்க் ஆக்ஸைடும் ஃபிளாஷ் வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடித்துவிடும். மேலே போடும் சிலிக்கா பவுடரும் அப்படித்தான். அந்த அம்மா இன்றைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்.

அப்புறம் அரக்குப்பொட்டு, நீங்கள் லிப்ஸ்டிக்கை முன்னங்கையில் கோடு போட்டுக் காட்டுகிறீர்களா? நம்மில் பலருக்கு உதட்டு ஓரம் கருத்திருக்கும், கையில் ரோஸாக இருப்பது உதட்டில் மெரூனாகும். உதட்டில் பூசிய படத்தைத்தான் முதலில் போட வேண்டும், கையில் போட்டது வேண்டுமானால் ஓரமாக. கன்சீலர் வைத்து உதட்டை வெளுத்துவிட்டு அதன் மேல் பூசி எடுக்காதீர்கள், அதுவும் ஏமாற்றுதான். ஃபவுண்டேஷன் என்றால் பூசியதும் ஒரு படம், அரை மணி கழித்து ஒரு படம், பலது காற்றுப்பட்டுக் கருக்கும். மருதாணி கேட்கவே வேண்டாம், கழுவினதும் ஆரஞ்சு, மறுநாள்தான் நிஜக் கலர், ஆனால் எல்லோரும் அவசரப்பட்டு அன்றைக்கே எடுத்துவிட்டு "சிவக்கவே இல்லை" என்று என்னைத் திட்டுவார்கள்.

அரக்குப்பொட்டு, மதுரை:

ஐயா, அக்கா, கும்பிடுகிறேன்.

ஞாயிறு காலை எட்டரைக்கு உட்கார்ந்தேன். அப்பாவின் வேட்டி ஜன்னலில், எதிர்ச் சுவரில் பெட்ஷீட், பக்கத்துக் கடையில் வாங்கிய தெர்மாகோலை மடியில் சாய்த்துக்கொண்டேன். ப்யூட்டி மோட் எங்கே என்று தேடினால் ஏதோ ஒரு மந்திரக்கோல் படத்துக்குள் 60 என்று உட்கார்ந்திருக்கிறது. எட்டு மாதமாக! சூரியக் குறியை இழுத்து எடுத்தால் முதல் படத்திலேயே அரக்கு வந்துவிட்டது. கீழுதட்டு நடுவில் கொஞ்சம் காபித்தூள் சாயல் அடிக்கும், நான் எழுத்தில் சொல்லிச் சொல்லிப் பார்த்த அந்தச் சாயல், அதுகூடத் தெரிகிறது.

ஆனால் ராத்திரி அதை லேசாக எடிட் செய்து போட்டேன், காலையில் பார்த்தால் முழுப் படமும் நீலம் பாய்ந்து, நான் ஏதோ குளிரில் விறைத்தவள் மாதிரி இருக்கிறேன். இன்னொன்று, புது பல்ப் வருவதற்குள் வேறொரு எல்இடியில் முயன்றேன், படத்துக்குக் குறுக்கே கருப்புப் பட்டை பட்டையாக. போன் போச்சா?

வண்ணக்கலவை, சிவகாசி:

பிரஸ்ஸில் கலர் பார்க்கிற வேலை எனக்கு, அதனால் உள்ளே வருகிறேன். ராத்திரி எடிட் செய்யும்போது உங்கள் போன் திரை மஞ்சளாக இருக்கிறதா? கண்ணுக்கு இதம் என்று ஒரு செட்டிங், பொழுது சாய்ந்ததும் தானாக ஆன் ஆகும். திரை மஞ்சளாக இருக்கிறதே என்று நீங்கள் நீலத்தை ஏற்றியிருப்பீர்கள், காலையில் மஞ்சள் போய்விட்டது, நீலம் மட்டும் நிற்கிறது. அதை அணைத்துவிட்டுத் திரும்ப எடிட் செய்யுங்கள்.

முடிந்தால் புரோ மோடில் (கேமராவில் எல்லாவற்றையும் நாமே அமைக்கும் பகுதி) ஒயிட் பேலன்ஸை, அதாவது எந்த வெளிச்சத்தை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்ற அமைப்பை, 5500 கெல்வினில் பூட்டிவிட்டு எடுங்கள், ஆட்டோவில் விட்டால் படத்துக்குப் படம் மாறும். ஆட்டோவை நம்பி லிப்ஸ்டிக் ஐந்தை வரிசையாக ஒப்பிடவே முடியாது. வெள்ளைத் தாளைப் பிடித்துச் சரிபார்க்கச் சொல்வார்கள், ஏ4 தாள் வேண்டாம், வெண்மை கூட்ட அதில் ரசாயனம் சேர்த்திருப்பார்கள், ஜன்னல் வெளிச்சத்தில் நீலம் அடிக்கும், அதை வெள்ளை என்று நம்பிச் சரிசெய்தால் முகம் மஞ்சளாகிவிடும். சாம்பல் நிற அட்டை, கிரே கார்டு என்று கேட்டால் கேமராக் கடையில் கொடுப்பார்கள். முதல் படத்தில் மட்டும் கன்னத்துப் பக்கம் பிடித்தால் போதும். கணினிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறீர்கள் என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடும்.

பழைய ஸ்டுடியோக்காரன், கும்பகோணம்:

பட்டைக்குப் போனைக் குறை சொல்லாதீர்கள். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்இடி நொடிக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். புரோ மோடில் ஷட்டரை, அதாவது கேமரா வெளிச்சத்தை உள்ளே விடும் நேரத்தை, 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள், பட்டை போய்விடும். கை ஆடாமல் ஸ்டாண்டில்.

சும்மா எட்டிப்பார்ப்பவன்:

சரி சரி, ஐபோன் வாபஸ். ஆனா என் தங்கச்சி நெயில் பாலிஷ் கிளிட்டர் எடுத்தா சிமெண்ட் மாதிரி வருது, அதுக்கு ஏதாச்சும்?

கண்மை, திருச்சி:

தெர்மாகோலைத் தூக்கிப் போடச் சொல்லுங்கள் தம்பி. கிளிட்டருக்குப் பரவின வெளிச்சம் ஆகாது, சின்னதாக ஒரே இடத்திலிருந்து வர வேண்டும். இன்னொரு போனின் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து விரலை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள், எந்தக் கோணத்தில் மின்னுகிறதோ அங்கே நிறுத்தி எடுக்கட்டும். எடுப்பதற்கு முன் நகத்து ஓரத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைக்கட்டும், செதில் தெரியாது.

அரக்குப்பொட்டு, மதுரை:

திரையில் அந்த மஞ்சள் ஆன் ஆகித்தான் இருந்தது, சாயங்காலம் ஏழிலிருந்து. அணைத்துவிட்டுத் திரும்ப எடிட் செய்து, பழைய பதிவில் படத்தை மாற்றிவிட்டேன், முன்பு போட்டது தப்பான நிறம் என்றும் எழுதியிருக்கிறேன். 350 ரூபாய் போன அந்தப் பெண்ணுக்கு, அவர் நிறத்துக்குப் பொருந்தும் ஒன்றை வாங்கி அனுப்பப் போகிறேன். அம்மா புதுப் படத்தைப் பார்த்து "ஏன்டி, பழைய போட்டோல நல்லாத்தானே இருந்த" என்றார். கிரே கார்டு மதுரையில் எந்தப் பக்கம் கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்கள்.