பள்ளிக்கரணை ராம்சார் எல்லை: ஒரு கிலோமீட்டருக்கு வெளியே என்று சான்று தருவது யார்?

ஜல்லடியன்பேட்டையில் 1,200 சதுர அடி மனை. அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட், பட்டா என் பெயரில், வில்லங்கமும் சுத்தம். தரைத்தளமும் முதல் மாடியும் கட்டத்தான் கேட்கிறேன், அடுக்குமாடி இல்லை. கட்டட அனுமதி மட்டும் நகரவே மாட்டேன் என்கிறது.

காரணம் தெரிந்ததுதான். பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-ல் ராம்சார் தலமானது, அதாவது சர்வதேச ஒப்பந்தப்படி முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் பசுமைத் தீர்ப்பாயம், தாக்கப் பகுதி (சதுப்புநிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதி) எதுவரை என்று ஆய்வில் முடிவாகும்வரை எல்லைக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் அனுமதி தரக்கூடாது என்றது. சதுப்புநிலம் பிழைக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. 2015 வெள்ளத்தைப் பார்த்தவன் நான்.

சிக்கல் தூரத்தில். கூகுள் எர்த்தில் அளந்தால் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டுகிறது. ஆனால் கையில் கிடைத்த வரைபடத்தில் எல்லைக்கோட்டின் தடிமனே எங்கள் தெருவை மூடிவிடுகிறது!

சுயசான்று முறையில் ஆன்லைனில் போட்டேன், திரும்பி வந்துவிட்டது. எஃப்எம்பி ஸ்கெட்ச்சோடு (சர்வே எண்ணுக்கான அரசு நில அளவை வரைபடம்) தனியார் சர்வேயர் அறிக்கை வைத்தேன், 'இது செல்லாது' என்றார்கள். எது செல்லும் என்று கேட்டால் வேறு அலுவலகத்தைக் கைகாட்டுகிறார்கள், அவர்கள் மறுபடி இங்கேயே அனுப்புகிறார்கள். தகவல் உரிமை மனுவுக்கு வந்த பதிலிலும் சர்வே எண் பட்டியல் இல்லை. இதற்கிடையில் வங்கி, கடன் ஒப்புதல் காலாவதியாகப் போகிறது என்கிறது.

மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் பக்கம் யாராவது, மனை ஒரு கிலோமீட்டருக்கு வெளியே இருக்கிறது என்று எழுத்தில் சான்று வாங்கியிருக்கிறீர்களா, எந்த அலுவலகத்தில்?